இரவில் கட்டிலிலிருந்து டாய்லெட் வரை: பழைய வீட்டில் பெரியவர்கள் விழாமல் இருக்க எதை முதலில் மாற்றுவது?

கொல்லைக்கதவு

தஞ்சாவூர் பக்கம் கிராமத்து வீடு. 1988 வாக்கில் தளம் போட்டுக் கட்டியது. அப்பாவுக்கு 81, அம்மாவுக்கு 76. இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறார்கள். ஊரை விட்டு வர மாட்டோம் என்பதில் இருவரும் உறுதி, அதை மாற்ற எங்களுக்கும் விருப்பமில்லை. அங்கேயே பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, பிராஸ்டேட் மாத்திரை. ராத்திரி மூன்று முறையாவது எழுந்திருப்பார். அம்மாவுக்குச் சர்க்கரை, இரண்டு முழங்காலும் தேய்மானம். படுக்கை ஹாலில், பாத்ரூமும் டாய்லெட்டும் பின்கட்டைத் தாண்டி. வழியில் மூன்று நிலைப்படி. ஹாலில் ரெட் ஆக்சைடு தரை, பாத்ரூமில் பளபளப்பான டைல்ஸ். இந்தியன் டாய்லெட், அதுவும் மேடை கட்டி வைத்தது. பொங்கலுக்கு ஒரு வாரம் ஊரில் இருப்போம். அந்த வாரத்தில் எதை முதலில் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நடைவண்டி

கடைக்குப் போய்க் கைப்பிடி வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊருக்குப் போன முதல் ராத்திரி, அப்பா வழக்கமாக எழுந்திருக்கும் நேரத்தில் நீங்களும் எழுந்திருங்கள். வழக்கமாக எரிகிற விளக்கு மட்டும் எரியட்டும். கட்டிலிலிருந்து டாய்லெட் வரை அவர் பின்னாலேயே ஒரு கை தூரத்தில் நடந்து போங்கள். எதுவும் சொல்ல வேண்டாம், அவர் கை எங்கெங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். கதவு நிலை, பீரோ விளிம்பு, துண்டு போடும் கம்பி, தண்ணீர் டிரம்... கை தானாகப் போய்ப் பிடிக்கிற இடங்கள் அவை. அங்கேதான் கைப்பிடி வேண்டும். காலையில் அந்த இடங்களில் எல்லாம் சாக்பீஸால் குறி போட்டு வையுங்கள். அம்மாவுக்கும் இதே மாதிரி தனியாகப் பாருங்கள். அவர் உயரம் வேறு, பிடிக்கிற இடமும் வேறாக இருக்கும்.

பாத்ரூமை மட்டும் சரிசெய்துவிட்டு வழியை விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற குறை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடும் சிறுநீர் அவசரத்தோடும் இருட்டில் மூன்று நிலைப்படி தாண்டுவது ஒரே நீளமான காரியம். அதில் எந்த இடத்தில் தடுக்கினாலும் விழுவதுதான்.

கட்டில் உயரத்தை அளந்து பாருங்கள். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 செ.மீ. சரியாக வரும். தாழ்வாக இருந்தால் கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைக்கலாம். வெறும் கட்டையோ செங்கல்லோ வேண்டாம், கட்டில் நகரும்போது கால் நழுவி இறங்கிவிடும். கால் உட்காருகிற மாதிரி 3 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்த கட்டையைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். மெத்தை விளிம்பில் உட்கார்ந்ததும் அமுங்கிச் சரிகிற ஃபோம் மெத்தை என்றால் அதை மாற்றினாலே பாதிக் கஷ்டம் குறையும்.

அப்பா வேட்டி கட்டுபவர் என்றால் ராத்திரிக்கு நாலு முழத்தை மடித்துக் கட்டுவதோ கணுக்காலுக்கு மேல் நிற்கிற லுங்கியோ நல்லது. அம்மாவின் நைட்டி தரையில் புரண்டால் இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துவிடுங்கள். ரப்பர் செருப்பு வீட்டுக்குள் வேண்டாம். குதிகாலில் பட்டை உள்ள செருப்பு, அடிப்பாகம் மெல்லியதாக, கெட்டியாக. கால்மிதிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய புடவையைச் சுருட்டிப் போட்ட கால்மிதிதான் எல்லாவற்றிலும் மோசம்.

---

மாத்திரைப்பெட்டி

நடைவண்டி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழி சரியாக இருந்தும் அப்பா எழுந்த மாத்திரத்தில் தலை சுற்றி விழலாம். பிரஷர் மாத்திரையும் பிராஸ்டேட் மாத்திரையும் சேரும்போது இது அடிக்கடி நடக்கும். டாம்சுலோசின், பிரசோசின் வகை மாத்திரைகள் சிறுநீர்ப்பாதையைத் தளர்த்துவதோடு ரத்தக் குழாயையும் தளர்த்தும். எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் தங்கி, மூளைக்குப் போவது சில நொடிகள் குறையும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து, கையில் கட்டுகிற பிரஷர் கருவியில் ஒரு முறை அளவு எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை. ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சும்மா 'தலை சுத்துதாம்' என்று சொல்வதைவிட 'படுத்தால் 146, நின்றால் 118' என்று சொன்னால் அவருக்கு மாத்திரையை மாற்றுவது சுலபம். நீங்களாக எதையும் நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். ஆனால் இந்தக் கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்: பிராஸ்டேட் மாத்திரையை எப்போது, சாப்பாட்டுக்குப் பிறகா போட வேண்டும்? (டாம்சுலோசினை வெறும் வயிற்றில் போட்டால் மயக்கம் கூடும்.) தண்ணீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைப்பது) இருந்தால் அதைக் காலையில் போடலாமா? தூக்க மாத்திரை இன்னும் தேவையா? அல்பிரசோலம், குளோனசிபாம் மாதிரியான மாத்திரைகளைப் பல வருடமாகப் போடுபவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மெடிக்கலில் சளிக்கென்று கேட்டு வாங்குகிற மாத்திரையிலும் தூக்கம் வருகிற மருந்து இருக்கும், அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.

ராத்திரி எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார வேண்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைத்துவிட்டு, எழுந்து, பத்து எண்ணி, பிறகு நடக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது ஆண்களும் உட்கார்ந்தே கழிப்பது நல்லது. நின்றபடி கழிக்கையில் மயங்கி விழுவது ராத்திரியில்தான் அதிகம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் யூரின் கேன் வைத்துக்கொள்ள அப்பா சம்மதிப்பாரா? சம்மதித்தால் மூன்று நடையில் இரண்டு மிச்சம். கூச்சப்படுவார் என்றால் ஒரு ஸ்டூல், மேலே மூடியுள்ள பை என்று மறைவாக ஏற்பாடு செய்யலாம். சாயங்காலம் கால் வீக்கம் இருப்பவர்கள் பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்தால், அந்த நீர் பகலிலேயே வெளியேறிவிடும், ராத்திரி எழுவது குறையும். தண்ணீர் குடிப்பதை மொத்தமாகக் குறைத்துவிடாதீர்கள். அதுவும் தலைசுற்றலில்தான் கொண்டுபோய் விடும். படுக்கும் முன் இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்தால் போதும்.

---

சாரம்

கட்டிட வேலைப் பக்கம் நான் சொல்கிறேன். கைப்பிடி பொருத்துவது சின்ன வேலை என்று பிளம்பரிடம் அரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்வார்கள். அப்படிப் பொருத்திய கைப்பிடி துண்டு காயப்போடத்தான் லாயக்கு. முழு ஆள் எடையை ஒரே இழுப்பில் தாங்க வேண்டிய பொருள் இது.

முதலில் சுவர். டைல்ஸ் 8 மி.மீ., அதற்குப் பின்னால் கலவை 15 முதல் 20, அதற்கும் பின்னால் பழைய பூச்சு 12 முதல் 15. சராசரியாக 40 மி.மீ. துளைத்த பிறகுதான் செங்கல்லே ஆரம்பிக்கும். கைப்பிடியோடு டப்பாவில் வருகிற 50 மி.மீ. ஸ்க்ரூ பூச்சிலேயே நின்றுவிடும். இழுத்தால் பூச்சோடு பெயர்ந்து வரும். அந்த ஸ்க்ரூவைத் தூக்கிப் போடுங்கள். 100 மி.மீ. நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, அதற்கேற்ற 10 மி.மீ. நைலான் பிளக். ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று ஸ்க்ரூ.

துளைக்கும் முன் டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று காலியாகக் கேட்கிற டைல்ஸில் போடாதீர்கள், இறுக்கும்போது உடையும். துளையிடும் இடத்தில் பேப்பர் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட்டால் சுத்தியல் ஓட்டம் இல்லாமல் டைல்ஸை மட்டும் தாண்டுங்கள். பிறகு 10 மி.மீ. கான்கிரீட் பிட். துளைக்குள் தூசி இருந்தால் பிளக் சுழலும், ஊதி எடுத்துவிட்டு அடியுங்கள். கடைசியில் தட்டைச் சுற்றி சிலிகான் பூச வேண்டும். உள்ளே ஈரம் போனால் நாளடைவில் ஸ்க்ரூ துருப்பிடிக்கலாம், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

கம்பி 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கனம் 32 முதல் 38 மி.மீ. அதைவிடத் தடிமன் என்றால் வயதான கை முழுதாகச் சுற்றிப் பிடிக்காது. சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 40 மி.மீ. இன்னும் அகலமாக இருந்தால் விழும்போது முழங்கை உள்ளே மாட்டிக்கொள்ளும். பளபள கம்பியைவிட வரி போட்ட கம்பி சோப்புக் கையில் நழுவாது. கடையில் காந்தம் வைத்து 'பாருங்க சார், ஒட்டல, 304' என்று காட்டுவார்கள். 202 கம்பியிலும் காந்தம் ஒட்டாது. கடையில் இருக்கும் சோதனைச் சொட்டு மருந்தைக் கம்பியில் விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பொருத்திய மறுநாள் வீட்டிலேயே எடை கூடிய ஆள் அதைப் பிடித்து முழு எடையும் கொடுத்துப் பின்னால் சாய வேண்டும். ஒரு நூல் அளவு அசைந்தாலும் கழற்றி மறுபடி போடுங்கள்.

---

கொல்லைக்கதவு

சாக்பீஸ் யோசனை நான் நினைத்தே பார்க்காதது. சாரம் அண்ணா, பாத்ரூம் சுவர் செங்கல். டாய்லெட் மட்டும் பிறகு சேர்த்தது, ஹாலோ பிளாக். அதிலும் இதே பிளக் பிடிக்குமா? அம்மா உயரம் நாலே முக்கால் அடி, அப்பா ஐந்தே கால். கைப்பிடி எந்த உயரம்? வெற்றிடத்தில் ஒட்டுகிற ரப்பர் கப் கைப்பிடி ஆன்லைனில் வருகிறதே, அது?

---

சாரம்

ரப்பர் கப் வேண்டவே வேண்டாம். இன்று ஒட்டும், நாளைக்கு எண்ணெய்ப் பிசுக்கு பட்டதும் விடும். பிடிக்க எதுவும் இல்லையென்றால் பெரியவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இருக்கிறது என்று நம்பிப் பிடித்து அது கையோடு வந்தால் பின்னந்தலை தரையில் அடிக்கும்.

ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக் பிடிக்காது, உள்ளே பொந்து. இரண்டு வழி உண்டு. ஒன்று, துளைக்குள் சல்லடைக் குழாயைச் செருகி கெமிக்கல் ஆங்கர் பசையை நிரப்பி போல்ட் வைப்பது. பசை இறுகுவதற்கு டியூபில் போட்டிருக்கிற நேரம் முழுக்க விட வேண்டும். இன்னொன்று நம் ஊருக்கு ஏற்றது: சுவரின் அந்தப் பக்கம் வரைக்கும் துளைத்து, வெளியே 6 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு வைத்து, நீள போல்ட்டால் இரண்டு பக்கமும் முறுக்குவது. வெளிச்சுவர் என்றால் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அசையாது. தகட்டுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து பெயின்ட் அடியுங்கள்.

உயரம் இருவருக்கும் பொதுவாக ஒன்று வைக்க முடியாது. அதனால் வாசலிலும் குளிக்கிற இடத்திலும் நெட்டுக்குத்தாக 60 செ.மீ. கம்பி போடுங்கள், கீழ்முனை தரையிலிருந்து 75 செ.மீ. அம்மா கீழே பிடிப்பார், அப்பா மேலே பிடிப்பார். உட்கார்ந்து எழுகிற டாய்லெட் பக்கம் மட்டும் 'எல்' வடிவம். படுக்கைவாட்டுப் பகுதி சீட்டுக்கு மேல் 20 முதல் 25 செ.மீ. உயரத்தில், நெட்டுப் பகுதி சீட்டின் முன்விளிம்பிலிருந்து ஒரு சாண் முன்னால் வர வேண்டும். பின்னால் போய்விட்டால் எழும்போது உதவாது. எழுகிற ஆள் முன்னால்தான் சாய்வார்.

மூன்று நிலைப்படியில் உள்வாசல் இரண்டையும் அறுத்து எடுத்துத் தரையோடு சமமாக்கிவிடலாம், ஒரு நாள் வேலை. இந்த மூன்றில் சேராத தலைவாசல் படியைத் தொடப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், நாமும் கேட்க வேண்டாம். ராத்திரி வழியில் அது வரவும் வராது. பின்கட்டுக்கு இறங்குகிற இடம் உயரம் எவ்வளவு? 15 செ.மீ.க்கு மேல் இருந்தால் நடுவில் அரைப்படி ஒன்று கட்டுங்கள், ஆழம் 90 செ.மீ. வேண்டும். நாளைக்கு வாக்கர் பிடித்தால் அதன் நான்கு காலும் ஆளும் சேர்ந்து நிற்க இடம் இருக்கும். படி விளிம்பில் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பட்டை அடியுங்கள். சிவப்புத் தரையில் சிவப்புப் படி கண்ணுக்குத் தெரியாது.

---

வயல்வரப்பு

ஒரு மாற்றுக் கருத்து. குத்துக்காலிட்டு உட்காருவது இத்தனை வருடம் அவர்களை நடக்க வைத்த பழக்கம். அதை நிறுத்தி வெஸ்டர்ன் போட்டால் ஒரே வருடத்தில் இடுப்பும் தொடையும் பலம் இழந்துவிடும். இந்தியன் டாய்லெட்டை உடைக்கச் சொல்வதற்கு முன் யோசியுங்கள்.

---

நடைவண்டி

வயல்வரப்பு சொல்வதில் பாதி உண்மை. உட்கார்ந்து எழ முடிகிறவருக்கு அது நல்ல பயிற்சிதான், அப்பாவால் கையை ஊன்றாமல் எழ முடிந்தால் பகலில் அதையே தொடரட்டும். ஆனால் தொடைப் பலத்துக்காக வேறு பயிற்சி கொடுக்க முடியும். ஈரமான மேடையில், ராத்திரியில், தேய்ந்த முழங்காலோடு எழுவது பயிற்சி செய்கிற இடம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் என்கிறார். குத்துக்காலிடும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் பல மடங்கு ஏறும். அவருக்குக் கட்டாயம் உட்காரும் டாய்லெட் வேண்டும்.

பலம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை: கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்து, 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று அர்த்தம். இதைச் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

பயிற்சிக்கு நியூசிலாந்தில் வகுத்த ஒட்டாகோ முறை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. தொடைப் பலம், குதிகால் உயர்த்துதல், ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது, இப்படி. வாரம் மூன்று நாள், அரை அரை மணி நேரம், கூடவே நடை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். ஆரம்பத்துக்கு, சுவரை ஒட்டிய கெட்டியான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருவது, ஐந்து தடவை, காலை மாலை. முடிந்தால் வாரா வாரம் ஒன்று கூட்டுங்கள். உட்காரும்போது 'தொப்' என்று விழக்கூடாது, மூன்று எண்ணி இறங்க வேண்டும். பலம் ஏறுவது அதில்தான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருவது உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து கேளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

---

சாரம்

டாய்லெட் மேடையை இடிப்பதானால் கீழே இருக்கிற டிராப்பின் (தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய்) வாய் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டு அதற்கேற்ற குளோசெட் வாங்குங்கள். முதலில் குளோசெட் வாங்கிவிட்டுப் பிறகு குழாயை நகர்த்துவதில்தான் செலவு இழுக்கும். சீட் உயரம் தரையிலிருந்து 45 செ.மீ. வரவேண்டும். சாதாரண குளோசெட் 39, 40தான் இருக்கும், குறைவதற்கு மேலே வைக்கிற உயர சீட் கிடைக்கும். பக்கச் சுவர் குளோசெட்டின் நடுக்கோட்டிலிருந்து 45 செ.மீ.க்குள் இல்லையென்றால் சுவர்க் கைப்பிடி எட்டாது. அப்போது தரையில் போல்ட் போடுகிற கைப்பிடிதான்.

ஒரு வாரத்தில் இது முடியாது என்றால் தற்காலிகமாக இந்தியன் டாய்லெட் மேல் வைக்கும் கமோட் ஸ்டூல் போதும். ஆனால் மேடை சின்னதாக இருந்தால் ஸ்டூல் கால் விளிம்பில் நிற்கும். நான்கு காலும் விளிம்பிலிருந்து 5 செ.மீ.யாவது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைக்காதீர்கள், ஹாலிலேயே கமோட் சேர் வைத்துவிடலாம்.

---

மின்னிணைப்பு

விளக்கு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதுமான ஜீரோ வாட் பல்பு அவர்களுக்கு இருட்டு. அதற்காக ட்யூப் லைட்டைப் போட்டால் கண் கூசும், பாத்ரூமிலிருந்து திரும்பும்போது ஹால் முழு இருட்டாகத் தெரியும். அதனால் ஆள் நகர்ந்தால் எரிகிற சின்ன எல்இடி விளக்குகளை முழங்கால் உயரத்தில், மஞ்சள் வெளிச்சத்தில், வழி நெடுக வையுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒன்று, ஒவ்வொரு வாசலிலும் ஒன்று, பின்கட்டில் இரண்டு, டாய்லெட்டுக்குள் ஒன்று. கட்டிலிலிருந்து கால் கீழே வைத்ததுமே முதல் விளக்கு எரிய வேண்டும். பேட்டரி வகை என்றால் சார்ஜ் யார் போடுவது என்று ஆகும், அதனால் பிளக்கில் செருகுகிற வகை நல்லது. கரண்ட் போனால் எரிய இந்த லைனை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் கரண்ட் போனால் தானாக எரிகிற எமர்ஜென்சி பல்பு பின்கட்டில் ஒன்றும் டாய்லெட்டில் ஒன்றும்.

1988 வீடு என்றால் பழைய ப்யூஸ் கேரியர் போர்டாக இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச்) ஒன்று போட்டே ஆக வேண்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அளக்கச் சொல்லுங்கள். வாளிக்குள் போடுகிற ஹீட்டர் ராடு வீட்டில் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். கீசர் தெர்மோஸ்டாட்டை 45 முதல் 50 டிகிரிக்குள் நிறுத்துங்கள். 60 டிகிரி தண்ணீர் சில விநாடியில் தோலைப் புண்ணாக்கும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்குச் சுடுவதே தெரியாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். கேஸ் கீசர் என்றால் பாத்ரூமுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். மூடிய அறைக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே வராது.

இன்னொன்று, தண்ணீர் ரொம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்கு யார் ஏறுகிறார்கள்? கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடிப் படியில் ஏறுவது அப்பாவாகத்தான் இருக்கும். டேங்க் நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற லெவல் கன்ட்ரோலர் போடுங்கள். அந்த ஏற்றம் நின்றுவிடும்.

---

சீயக்காய்

எண்ணெய்க் குளியல் பற்றிச் சொல்ல வேண்டும். செவ்வாய் வெள்ளி, புதன் சனி என்று இருவரும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களாக இருந்தால் பாத்ரூம் தரை எந்த டைல்ஸ் போட்டாலும் வழுக்கும். நல்லெண்ணெயும் சோப்பு நுரையும் சேர்ந்து டைல்ஸில் படலமாக ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீர் ஊற்றினால் போகாது, ஃபினாயிலுக்கும் போகாது. வெந்நீரில் சலவை சோடா கரைத்து, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வைப்பரால் தண்ணீரை இழுத்து விட வேண்டும். எண்ணெய்க் குளியல் அன்றே செய்ய வேண்டும். மறுநாள் வரை விட்டால் அடுத்தவர் அதன்மேல் கால் வைப்பார். எண்ணெய் தேய்ப்பதைப் பாத்ரூமுக்குள் வைக்காமல் பின்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்து, பாதத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

டைல்ஸை மாற்றுவதானால் ஆர் 10 அல்லது ஆர் 11 என்று போட்டிருக்கும் சொரசொரப்பான வகை, 30 செ.மீ. சதுரம். சின்ன டைல்ஸில் இணைப்புக் கோடு அதிகம், பாதம் பிடிக்கும். ஹால் ரெட் ஆக்சைடு தரை பளபளக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் பல வீட்டில் உண்டு. வேலைக்கு வருகிற அம்மாவிடம் சொல்லி அதை நிறுத்துங்கள்.

குளிக்க பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஈரத்தில் கால் விரியும். அடியில் ரப்பர் பொருத்திய, கை வைக்க இடமுள்ள குளியல் நாற்காலி, கால் உயரம் கூட்டிக் குறைக்கிற வகை. பாத்ரூம் தரை சாக்கடை வாயை நோக்கிச் சாய்ந்திருக்கும், நான்கு காலையும் தனித்தனியாகச் சரிசெய்தால்தான் ஆடாது. வாளியையும் தரையில் வைக்காமல் முழங்கால் உயர ஸ்டாண்டில் வையுங்கள். குனிந்து குனிந்து மொண்டு ஊற்றி நிமிர்கையில்தான் தலை சுற்றும்.

---

மாத்திரைப்பெட்டி

அம்மாவின் சர்க்கரை பற்றி ஒரு வார்த்தை. அமாவாசை, சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருப்பவரா? மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடுவது ஆபத்து. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரை உணவு இல்லாமலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கிளிபென்கிளமைடு வயதானவர்களுக்கு நெடுநேரம் இறக்கி வைக்கும், அது சீட்டில் இருந்தால் மாற்று கேளுங்கள். விரத நாளுக்கு மாத்திரை எப்படி என்று மருத்துவரிடம் தனியாக எழுதி வாங்கி, காலண்டர் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

வியர்வை, படபடப்பு, கை நடுக்கம், திடீர்க் குழப்பம் வந்தால் அளந்து பார்த்து, 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108தான். குளுக்கோஸ் டப்பாவைச் சமையலறை மேல்தட்டில் வைக்காமல் கட்டில் தலைமாட்டில் வையுங்கள்.

---

கொல்லைக்கதவு

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். பின்கட்டு இறக்கம் 22 செ.மீ., அரைப்படி கட்டச் சொல்லிவிட்டேன். இவ்வளவும் செய்த பிறகும் விழுந்துவிட்டால்? விழுந்ததைக் கண்டுபிடிக்கிற கைக்கடிகாரம் வாங்கலாமா? பக்கத்து வீட்டில் சாவி கொடுத்திருக்கிறோம்.

---

மின்னிணைப்பு

சாவி கொடுத்தது சரி. ராத்திரி உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுத்தால் அந்தச் சாவியால் என்ன பயன்? முன்கதவில் மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள் இரண்டையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற நைட் லேட்ச் போடுங்கள். பாத்ரூம் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கக்கூடாது. வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது. கதவு உள்பக்கம் திறந்தால், விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்ற நிலையில் காடியை மாற்றி வெட்ட வேண்டும், தச்சர் அரை நாளில் செய்வார்.

கைக்கடிகாரம் நல்லதுதான், ஆனால் தினம் சார்ஜ் வேண்டும். குளிக்கும்போது கழற்றி வைப்பார்கள். சுவரோடு சரிந்து மெதுவாக உட்கார்ந்த மாதிரி விழுந்தால் பலவற்றுக்குத் தெரியாது. அதைவிட முதலில் ஒயர்லெஸ் காலிங் பெல் நாலு பட்டன் வாங்குங்கள். மணியைப் பக்கத்து வீட்டில் பிளக்கில் செருகுங்கள். பட்டனை டாய்லெட், பாத்ரூம், கட்டில், பின்கட்டு என்று தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டுங்கள். விழுந்து கிடப்பவருக்கு நின்றால் எட்டுகிற பட்டன் உதவாது. சுவர் தாண்டி மணி அடிக்கிறதா என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டுச் சோதியுங்கள். மாதம் ஒரு நாள், கேஸ் புக் பண்ணுகிற நாள் மாதிரி ஒரு நாளில், ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்க்கட்டும்.

---

நடைவண்டி

விழுந்தவரை உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. இதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், அல்லது இடுப்பில் தாங்க முடியாத வலி என்றால் அது தொடை எலும்பு முறிவாக இருக்கலாம். அசைக்காமல் போர்வை போர்த்தி 108க்குக் கூப்பிட வேண்டும். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையைச் சுற்றிய கசிவு சில வாரம் கழித்துக்கூடக் குழப்பமாகவும் தூக்கமாகவும் தெரியவரலாம்.

அடி எதுவும் இல்லையென்றால் அவராகவே எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நாலு காலில் நின்று, கெட்டியான நாற்காலி வரை தவழ்ந்து, இரண்டு கையும் நாற்காலியில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, எழுந்து திரும்பி உட்கார வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போது பாய் விரித்து இரண்டு பேரையும் ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள். எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பதுதான் விழுந்ததைவிடக் கெடுதல். தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கும்.

---

கொல்லைக்கதவு

கடைசியாக ஒன்று. அப்பா கைத்தடி வேண்டாம் என்கிறார். ஊரில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று.

---

நடைவண்டி

வற்புறுத்தாதீர்கள். வீட்டுக்குள் கைப்பிடி போதும். வயலுக்கோ கோயிலுக்கோ போகும்போது மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மர நிறத்தில் வளைந்த பிடியுள்ள தடி என்றால் ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்காது. எந்தப் பிடி, எந்த நிறம் என்று அவரே கடையில் தேர்ந்தெடுக்கட்டும். கைப்பிடி விஷயத்திலும் அப்படியே, எங்கே வேண்டும் என்று அவர்கள் காட்டிய இடத்தில் போட்டால்தான் பிடிப்பார்கள்.

அளவு: செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். பிடித்து நிற்கும்போது முழங்கை 15 முதல் 20 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும், இதைத்தான் பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். அடி ரப்பரில் வரி தேய்ந்து வழவழப்பானதும் மாற்றிவிட வேண்டும். ரப்பர் மட்டும் தனியாக மெடிக்கலில் கிடைக்கும். தடியின் கீழ்முனைக் கனத்தை அளந்துகொண்டு போய், வாங்கும்போதே கூட இரண்டு வாங்கி வையுங்கள்.